முட்டை அடிச்ச பாலிங்கா

எங்கட குசினித் தட்டில ஒரு போத்தல் நிக்குது. உயரமான, மெல்லிய கழுத்துப் போத்தல். அதுக்குள்ள இப்ப நல்லெண்ணெய். பேரப்பிள்ளை வந்து நிக்கேக்க பூசிக் குளிப்பாட்டுறதுக்கெண்டு என்ர மனிசி விட்டு வைச்சிருக்கிறா. அந்தப் போத்தலைக் காணேக்க எல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அதுக்குள்ள முந்தி இருந்தது பாலிங்கா. ஹங்கேரிக்காரர் பழத்தில வடிக்கிற சாராயம். ஒரு மனிசன் சாகமுதல் கடைசியாக் கேட்ட சாமான் அது. அதுக்குக் காவல் நான். நான் காவல் இருந்த லட்சணத்தைத்தான் சொல்லப்போறன்.

நாங்கள் டென்மார்க்கில இந்த இக்காஸ்ட்டுக்கு வந்த காலம் இஞ்ச துணி ஃபக்டரியள் கனக்க ஓடினது. எனக்குச் சாயம் போடுற பகுதியில வேலை. வெளியில பனி கொட்டும், உள்ள வேர்த்து ஊத்தும். ஒரு கிழமை கையெல்லாம் நீலம், மற்றக் கிழமை சிவப்பு. மனிசி சோறு போடேக்க என்ர கையைப் பாத்திட்டு, கரண்டியால சாப்பிடுங்கோ எண்டுவா. கரண்டியால புட்டைத் தின்னுறதும் ஒரு சீவியமோ? அது வேற கதை.

எனக்குப் பக்கத்துத் தொட்டியில நிண்டவன்தான் அந்த ஹங்கேரிக்காரன். என்னைவிடக் கொஞ்சம் மூப்பு. பெரிய மீசை. அவன்ர டெனிஷ் எனக்கு விளங்கும், என்ர டெனிஷ் அவனுக்கு விளங்கும், எங்கட ரெண்டு பேற்ர டெனிஷும் டெனிஷ்காரருக்கு விளங்காது. அதாலயே எங்களுக்குள்ள ஒட்டிக்கொண்டுது.

டிசம்பரில நத்தார்ப் பண்டிகைக்கு முதல் ஃபக்டரியில சாப்பாடு வைப்பினம். ஊறப்போட்ட மீன், பண்டி இறைச்சி, அதோட ஸ்னாப்ஸ் எண்டு அவேன்ட சாராயம். அந்த ஸ்னாப்ஸ் மணந்தால் எனக்கு வயித்துக்குத்துக்குக் குடுக்கிற ஓமத்தண்ணி நினைவுதான் வரும். நான் குடிக்கிற ஆளில்லை. ஒரு வருசம் அந்தச் சாப்பாட்டுக்கு அவன் தன்ர போத்தலைக் கொண்டந்தான். சின்னச் சின்னக் கிளாசுகளும் கூடவே கொண்டந்தான், துணியில சுத்தி. வெள்ளையள் என்ன செய்தாங்கள்? ஸ்கோல் எண்டு கத்திப்போட்டு ஒரே மடக்கில ஊத்தினாங்கள். ஒருத்தன் எழும்பிப் போய் ஐஸ் கட்டி எடுத்தந்தான். ஹங்கேரிக்காரன்ர முகம் அப்பிடியே சிவந்து போச்சு. போத்தலை எடுத்து மூடி, உடுப்புக்குள்ள வைச்சிட்டான்.

எனக்கு ஊத்தினது மட்டும் என்ர கையில அப்பிடியே இருந்தது. குடிக்கப் பயம். பேந்து மனிசிக்கு என்ன சொல்லுறது எண்ட பயம். அந்தப் பயத்தில கிளாசை மூக்குக்குக் கிட்ட வைச்சு மணந்து மணந்து கொண்டிருந்தன். அவன் அதைப் பாத்திட்டு என்ர தோளில அடிச்சான்.

"இவன் ஒருத்தனுக்குத்தான்டா இதை என்ன செய்யிறதெண்டு தெரியும்" எண்டான்.

எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனால் அதுக்குப் பிறகு அவன் எனக்குப் படிப்பிச்சான், நான் கேளாமலே. பழம் மரத்தில நல்லாக் கனிஞ்சு தானா விழவேணுமாம். அவையின்ர வளவில நிண்டது பிளம் மரம், அவன்ர அப்பா வைச்சது. விழுந்ததைப் பொறுக்கி, கொட்டையை எடுத்து, பீப்பாயில போட்டு மூடிவிட்டால் தன்ர பாட்டில கொதிச்சு அடங்கும். பிறகு ஊரில ஒரு பொது வடிசாலை இருக்காம். எங்கட ஊரில மில்லுக்கு அரிசி கொண்டு போய் முறைக்கு நிக்கிற மாதிரி, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கட பீப்பாயை உருட்டிக்கொண்டு போய் நிப்பினமாம். முதல் வாறதை ஊத்திப்போட வேணும், அது கண்ணைக் கெடுக்கும். நடுவில வாறதுதான் சாமான்.

"பழம் மட்டும்" எண்டு விரலை நிமித்திச் சொல்லுவான். "வேற ஒண்டும் போடக்கூடாது. ஒரு கரண்டி சீனி விழுந்தாலும் அது பாலிங்கா இல்லை."

நான் எங்கட ஊர்க் கசிப்பைப் பற்றிச் சொன்னன். சீனியைக் கரைச்சு, ஈஸ்ட்டைப் போட்டு, வேற என்னத்தைப் போட்டு வடிக்கிறாங்களெண்டு வடிக்கிறவனுக்கே தெரியாது எண்டன். அவன் சிரிக்கேல்ல. செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரித் தலையை ஆட்டினான்.

குடிக்கிறதுக்கும் அவனட்டை முறை இருந்தது. குளிரப் போடக்கூடாது. முதல் மணக்க வேணும். பிறகு மற்றவன்ர கண்ணைப் பாக்க வேணும். பிறகு ஒரு சொட்டு. குடிச்சு முடிஞ்ச கிளாசைக் கழுவாமல் வைச்சு நாளைக்கு மணந்து பாக்க வேணும். நல்ல சாமான் எண்டால் அப்பவும் பழம் மணக்குமாம். ஃபக்டரி பூட்டுப்பட்டு, நாங்கள் ரெண்டு பேரும் பென்சனுக்கு வந்த பிறகும், அவன்ர வீட்டை போனால் இந்த முறைதான். நான் ஒரு சொட்டு நாக்கில வைப்பன். மிச்சத்தை மணப்பன். அவனுக்கு அதே காணும்.

வருசா வருசம் அவன்ர தமையன் அங்கயிருந்து அனுப்புவார். பிறகு தமையன் செத்துப்போனார். வளவு வித்துப்போச்சு. வாங்கினவன் அந்தப் பிளம் மரத்தைத் தறிச்சுப்போட்டுக் கார் விடுறதுக்குக் கல்லுப் பதிச்சிட்டானாம். இதைச் சொல்லேக்க அவன் தன்ர மீசையைப் பிடிச்சு இழுத்த இழுவையில ஒரு பக்கம் கையோட வந்திடும் எண்டு நினைச்சன். அப்பிடி, கடைசியா ஒரு போத்தல்தான் மிஞ்சினது.

போன வருசம் அவனுக்கு ஏலாமல் வந்து, சில்க்போர்க்கில இருக்கிற மகள் தனக்குக் கிட்டவா ஒரு முதியோர் இல்லத்தில இடம் எடுத்தாள். அவள் கெட்டவள் எண்டு சொல்ல மாட்டன். ஆனால் தேப்பன்ர வீட்டை ஒதுக்கின விதம் இருக்கே! ட்ரெய்லரில ஏத்தி ஏத்திக் கொண்டு போய்க் குப்பை கொட்டுற இடத்தில எறிஞ்சாள். அந்தச் சின்னக் கிளாசுகளும் போச்சு. ஒண்டே ஒண்டை அவன் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தான். அண்டைக்குத்தான் போத்தலை ஒரு சுவெற்றருக்குள்ள சுத்தி என்னட்டைத் தந்தான்.

"மகள் கண்டால் தொட்டியில ஊத்திப்போடுவாள். ஈரலுக்குக் குளிசை குடிக்கிறன் எல்லே. நீ வைச்சிரு. நான் கேட்கிற அண்டைக்குக் கொண்டு வா. அதுக்கு முதல் கொண்டு வராத, நான் முடிச்சுப்போடுவன்."

"நீ கேட்காட்டில்?"

"கேட்பன். கேட்காமல் சாக மாட்டன்."

இப்ப எங்கட வீட்டுக் கதைக்கு வாறன். எங்கட வீட்டுக்குள்ள குடிவகை வைக்கேலாது. மனிசி விடமாட்டா. ஆனால் பிராந்தி எண்டால் மட்டும் வேற சட்டம். பிராந்தி எங்கட பொம்பிளையளுக்கு மருந்து. பிள்ளைப்பெத்தவளுக்கு முட்டையை நுரைக்க நுரைக்க அடிச்சு, சீனியைப் போட்டு, சுடச்சுடக் கோப்பியை ஊத்தி, மேல ஒரு மூடி பிராந்தியும் விட்டுக் குடுப்பினம். முட்டைக்கோப்பி. குடிகாரனைக் கண்டால் றோட்டில மற்றப் பக்கம் மாறிப் போற மனிசியும் அந்த ஒரு மூடியைக் கை நடுங்காமல் ஊத்தும்.

நான் போத்தலை அரிசிச் சாக்குக்குப் பின்னால வைக்கேக்க அவ கண்டிட்டா.

"என்னப்பா அது?"

"சிநேகிதன்ர சாமான். பழத்தில வடிச்ச பிராந்தி. வைச்சிருக்கச் சொன்னவன்."

"பிராந்தியோ?" எண்டு கொஞ்சம் நிண்டா. "அப்ப இருக்கட்டும்."

அந்த 'அப்ப இருக்கட்டும்' எனக்கு அண்டைக்கு விளங்கேல்ல. ஒரு சண்டை இல்லாமல் போச்சே எண்டு சந்தோசப்பட்டன். விசரன்.

இந்த வருசம் தொடக்கத்தில மகளுக்குப் பிள்ளை பிறந்தது. மகள் புரொண்பியில இருக்கிறவ. முதல் பிள்ளை எண்டபடியால் எங்களட்டை வந்து நிண்டா. வீடு முழுக்க உள்ளி மணமும் மஞ்சள் மணமும் பிள்ளைப்பெத்தவளுக்குக் காயச் சரக்கு அரைக்கிற மணமும். அந்த மணத்துக்குள்ள பிளம் மணத்தை ஆர் பிடிக்கிறது? எத்தினை வருசம் மணந்து பழகின மூக்கு என்ரது. ஒண்டும் பிடிபடேல்ல. குழந்தையைப் பாக்க வாற டெனிஷ் நேர்ஸ் மணி அடிச்சால் மட்டும் மனிசி ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ள ஓடுறதைக் கண்டனான். ஏன் எண்டு கேட்கேல்ல. பொம்பிளையளின்ர அலுவல் எண்டு விட்டிட்டன்.

ஒரு நாள் மத்தியானம் ரெலிபோன் வந்தது. சில்க்போர்க் இல்லத்தில வேலை செய்யிற பிள்ளை, மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை.

"ஐயா, உங்கட சிநேகிதர் நாலஞ்சு நாளா ஒண்டும் சாப்பிடுறாரு இல்ல. கரண்டியத் தள்ளி விடுறாரு. இண்டைக்கு உங்களக் கேட்டாரு. 'இப்ப கொண்டு வா' எண்டு சொல்லட்டாம். என்னத்தையோ தெரியாது."

"எனக்குத் தெரியும் பிள்ளை. குடிக்கிற சாமான். குடுக்கலாமோ?"

"டொக்டரே சொல்லிட்டாரு ஐயா, ஆசைப்படுறதக் குடுங்க எண்டு. கெதியா வாங்க."

நான் ரெலிபோனை வைச்சிட்டு மனிசிக்கு விசயத்தைச் சொல்லிக்கொண்டே போய் அரிசிச் சாக்கை இழுத்தன். போத்தல் இல்லை. மற்றச் சாக்கையும் இழுத்தன். இல்லை. திரும்பிக் குசினியைப் பாத்தால் அடுப்புக்கு மேல தட்டில போத்தல் நிக்குது, மண்ணிறமா.

"இஞ்சேர்! இதுக்குள்ள என்ன?"

"நல்லெண்ணெய். வடிவான போத்தல். கழுவிக் காயவைச்சு விட்டனான்."

"உள்ளுக்க இருந்தது எங்க?"

"அந்தப் பிராந்தியோ? பிள்ளைக்குக் குடுத்தாச்சு."

"என்ன, குடுத்தாச்சோ?"

"கத்தாதேங்கோ, குழந்தை படுத்திருக்கு. காலமை காலமை முட்டைக்கோப்பிக்கு ஒரு மூடி. கடைப் பிராந்தியிலும் திறம் அது. பிள்ளைக்கு ஒரு நாரிப்பிடிப்புக் கூட வரேல்ல."

"அது அவன்ர அப்பான்ர மரமடி!"

"நீங்கள் மரம் எண்டோ சொன்னியள்? பிராந்தி எண்டு சொன்னியள்."

அறைக்குள்ள இருந்து மகள் டெனிஷில சொல்லுறா, "அப்பா, ஏன் இந்தச் சத்தம்? இன்டர்நெற்றில வேறயொண்டு எடுக்கலாம்தானே."

"மரத்தைத் தறிச்சாச்செண்டு உன்ர இன்டர்நெற்றுக்குத் தெரியுமோ?" எண்டு நான் தமிழில கத்தினன். குழந்தை எழும்பி அழத் தொடங்கிட்டுது. பிறகு மூண்டு பொம்பிளையளும் எனக்கு எதிர். குழந்தையும் பொம்பிளைப்பிள்ளைதான்.

மனிசிக்கு என்ர முகத்தைப் பாத்துக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேணும். "எல்லாம் முடியேல்ல" எண்டா. "துடக்குக் கழிக்கிற அண்டைக்குக் குடுக்கலாம் எண்டு கொஞ்சம் எடுத்து வைச்சனான்." இருமல் மருந்துப் போத்தல் ஒண்டைக் காட்டினா. அடியில ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி மாதிரித் தெளிஞ்சு கிடந்தது. நான் மூடியைத் திறந்து மணந்தன். இருமல் மருந்து வாசத்துக்கு ஊடால வந்துது. பிளம். அவன்ர பிளம்.

எனக்கு உயிர் வந்தது. இது காணும். அவன் குடிக்கிறதே ஒரு சொட்டுத்தானே. "இதை ஒரு பையில வைச்சுத் தா" எண்டு சொல்லிப்போட்டுச் சேட்டு மாத்தப் போனன். அதுதான் நான் விட்ட பிழை. கையில பிடிச்சுக்கொண்டு போயிருக்க வேணும். ஒரு கையால சேட்டுப் போட ஏலாதோ?

தெறியைப் பூட்டேக்க குசினியில டக்கு டக்கு டக்கு எண்டு சத்தம் கேட்குது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். முட்டை அடிக்கிற சத்தம். நான் ஓடிப் போகேக்க கோப்பியும் ஊத்தி முடிஞ்சுது. இருமல் மருந்துப் போத்தல் வெறுமையாத் தொட்டிக்குள்ள கிடக்குது. அவ பிளாஸ்கை மூடிக்கொண்டு நிக்கிறா.

"என்ன செய்தனி?"

"வருத்தக்காரனுக்குத்தானே கொண்டு போறியள். ஒண்டும் சாப்பிடேல்ல எண்டு நீங்கள்தானே சொன்னியள். வெறும் வயித்தில சாராயத்தை ஊத்தப் போறியளோ? ரெண்டு முட்டை அடிச்சிருக்கிறன். குடிச்சுப் பாக்கட்டும், தெம்பா இருக்கும்."

இவ்வளவு கோவம் வந்தால் தமிழும் வராது, டெனிஷும் வராது. பிளாஸ்கைப் பறிச்சுக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தன்.

ரெயினில அதை மடியில வைச்சுக்கொண்டு இருந்தன். சூடு காற்சட்டைக்கு மேலால தெரிஞ்சுது. கொண்டு போகாமல் விடுவமோ எண்டும் யோசிச்சன். கக்கூசுக்குள்ள ஊத்திப்போட்டு, போத்தல் விழுந்து உடைஞ்சு போச்செண்டு சொல்லுவமோ? அவன் கேட்காமல் சாக மாட்டன் எண்டவன். கேட்டுப்போட்டான். இனி வெறுங்கையோட போனால் நான் என்ன மனிசன்? இதைக் கொண்டு போனால்தான் நான் என்ன மனிசன்? வாய்க்குள்ள பேசிறன் எண்டு நினைச்சு உரத்துத்தான் பேசியிருக்கிறன் போல. எதிரில இருந்த வெள்ளைக்காரி எழும்பி வேற சீற்றுக்குப் போனா. போகட்டும்.

இல்லத்தில அந்த மட்டக்களப்புப் பிள்ளை வாசலிலயே நிண்டது. "வாங்க ஐயா, கதவையே பாத்துக்கிட்டு இருக்காரு. சேவ் எடுக்கச் சொன்னாரு, சேட்டுப் போடச் சொன்னாரு. கலியாண மாப்பிள்ளையே தோத்தாரு" எண்டு சிரிச்சுது.

அவன் நிமிந்து இருந்தான், முதுகுக்கு ரெண்டு தலகாணி குடுத்து. முகம் ஒட்டிப் போச்சு, மீசை மட்டும் பெரிசு. முன்னால மேசையில அந்தச் சின்னக் கிளாஸ். அதை எடுத்து என்ர பக்கம் தள்ளி வைச்சிட்டு என்ர கண்ணைப் பாத்தான். முறைப்படி.

நான் அவன்ர கண்ணைப் பாக்கேல்ல. பிளாஸ்கைத் திறந்து ஊத்தினன். கிளாஸ் நிறைய மஞ்சள் நுரை.

அவன் குனிஞ்சு கிளாசுக்குள்ள பாத்தான்.

"இது என்ன?"

"உன்ர சாமான்."

"இது என்ன எண்டு கேட்டனான்."

"முட்டை" எண்டன்.

"முட்டை?"

"முட்டை. கோப்பி." பிறகு அதையும் சொல்லித்தானே ஆகவேணும். "சீனி."

"சீனியோ?"

அந்த மனிசனுக்குள்ள இருந்து வந்த சத்தத்தை இண்டைக்கும் மறக்கேல்ல. முதல் ஹங்கேரி மொழியில பேசினான், கெட்ட வார்த்தையெண்டு விளங்கிக்கொள்ள மொழி தேவையில்லை. பிறகு டெனிஷுக்கு மாறினான். "பழம் மட்டும்! பழம் மட்டும் எண்டு உனக்கு எத்தினை வருசம் சொன்னனான்! என்ர அப்பா, சீனி போட்ட பக்கத்து வீட்டுக்காரனோட சாகும்வரைக்கும் கதைக்கேல்ல! நீ முட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிக்கிறாய்!"

"நான் போடேல்ல! என்ர மனிசி போட்டவ! அவவைப் பேசு!"

"எங்க உன்ர மனிசி?"

"வீட்டில!"

"அப்ப உன்னைத்தான் பேசுவன்!"

மட்டக்களப்புப் பிள்ளை ஓடி வந்திட்டுது. "என்ன ஐயா இது, ஒரு கிழமையா இவர்ர வாயில இருந்து உரத்து ஒரு சொல் வரல்ல" எண்டு என்னைப் பாக்குது. நான் மிச்சக் கதையையும் சொன்னன், பிள்ளைப்பெத்த மகள், அரிசிச் சாக்கு, காலமையில ஒரு மூடி, எல்லாம். ஒளிச்சு என்ன? அவன் மூச்சு வாங்க வாங்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

களைச்சுப் போனான். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். பிறகு கையை நீட்டிக் கிளாசை எடுத்தான். நுரை வழிஞ்சுது. மூக்குக்குக் கிட்ட வைச்சு மணந்தான், கன நேரம், அந்த நாளையில மாதிரி. பிறகு குடிச்சான். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. மீசை முழுக்க மஞ்சள்.

"இருக்கு" எண்டான்.

"என்ன இருக்கு?"

"முட்டைக்குக் கீழ. இருக்கு."

நான் பிளாஸ்குக்குள்ள மூக்கை விட்டுப் பாத்தன். கோப்பிதான் மணந்தது. பிளமும் இல்லை ஒண்டும் இல்லை. அவன் கிளாசை நீட்டினான், திரும்ப ஊத்தினன். பிளாஸ்க் காலியாகும்வரைக்கும் குடிச்சான். நாலைஞ்சு நாளா ஒரு கரண்டி கஞ்சி இறக்காதவன். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டுது.

"நாளைக்கும் கொண்டு வா" எண்டான்.

"அந்தச் சாமான் இனி இல்லையடா. முடிஞ்சுது."

"தெரியும். உன்ர மனிசிக்குச் சொல்லு, சீனி கூட."

மற்ற நாளும் கொண்டு போனன். அதுக்கடுத்த நாளும் கொண்டு போனன். கடைப் பிராந்தி விட்டு அவ அடிச்சுத் தாறதை நான் சுமந்துகொண்டு ரெயின் ஏறுறன், வேலைக்காரன் மாதிரி. அவன் சாகும்வரைக்கும் வேற ஒண்டும் சாப்பிடேல்ல, அது மட்டும்தான். "உன்ர மனிசி கெட்டிக்காரி" எண்டு எனக்கே சொன்னான். போத்தலை ஒளிச்சு வைச்சுக் காத்தது நான். பேர் எடுத்தது அவ. செத்தவீட்டில அவன்ர மகள் வந்து கைகுடுத்து நன்றி சொன்னதும் என்ர மனிசிக்குத்தான்.

அதைக்கூடப் பொறுப்பன். அவ இப்பவும் வாறவை போறவைக்குச் சொல்லுற ஒரு கதை இருக்கு, அதைத்தான் பொறுக்கேலாது. போன கிழமையும் சொன்னா. மகள் குழந்தையோட வந்து நிக்கிறா, ஆரோ சொந்தக்காரர் பாக்க வந்திருக்கினம். "பாவம், அந்த மனிசன் ஆசைப்பட்ட சாமானைக் குடிச்சிட்டுத்தான் கண்ணை மூடினவர்" எண்டா.

"குடிக்கேல்ல" எண்டன் நான்.

"என்ன குடிக்கேல்ல? நீங்கள்தானே ஊத்திக் குடுத்தனீங்கள்?"

"அவன் குடிச்சது முட்டைக்கோப்பி. சீனி விழுந்தால் அது பாலிங்கா இல்லை. அவன்ர வாயாலயே ஆயிரந்தரம் சொன்னவன்."

"இருக்கு எண்டும் அவர்ர வாயாலதானே சொன்னவர்?"

"அது எனக்காகச் சொன்னது!"

"அவரோ? உங்களுக்காகவோ? அண்டைக்கு உங்களை அந்தப் பேச்சுப் பேசினவரோ?"

வந்த ஆக்கள் தேத்தண்ணியைப் பாத்துக்கொண்டிருக்கினம். நான் எழும்பிக் குசினிக்குப் போய் அந்தப் போத்தலை இறக்கி, மூடியைத் திறந்து மணந்தன். நல்லெண்ணெய். திரும்பவும் மூக்கைப் போத்தல் வாயோட நல்லா அழுத்தி மணந்தன்.

"அதைத் தாங்கோ இஞ்ச" எண்டு பின்னால வந்து நிக்கிறா. ஒரு கையில குழந்தை. "தண்ணி ஆறப்போகுது."

நான் குடுக்கேல்ல.

"என்னப்பா, தாங்கோ. குழந்தையைக் குளிப்பாட்ட வேணும்."